காற்றாலைக்காரன் வீட்டு வேர்க்குரு

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்கு வரப்போகிறாள் என்று நாள் குறித்ததும் நான் செய்த முதல் வேலை, ஜன்னல்களை அடைத்தது. இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அது பெரிய முன்னேற்பாடாகத் தெரிந்தது.

எனக்குக் காற்றாலையில் வேலை. ஆண்டிபட்டியைச் சுற்றியுள்ள மானாவாரிக் காடுகளில் வரிசையாக நிற்கின்றனவே, அந்தக் காற்றாடிகளில் சிலவற்றை எங்கள் குழு பராமரிக்கிறது. கம்பத்துக்குள் ஏணி ஏறி, உச்சியில் இருக்கிற இயந்திர அறைக்குள் நுழைந்து, கிரீஸ் வைப்பது, போல்ட் முறுக்குவது, பில்டர் மாற்றுவது எல்லாம் எங்கள் பாடு. வைகாசி பாதியில் மலைக்கணவாய் வழியாகக் காற்று இறங்க ஆரம்பித்தால் ஆவணி வரை எங்களுக்கு ஓய்வு கிடையாது. ஊரில் மற்றவர்கள் காற்றைத் திட்டுவார்கள். எங்களுக்கு அதுதான் சோறு போடுகிறது. எந்த மூலையிலிருந்து வரும், எத்தனை மணிக்குக் கூடும், எப்போது புழுதியை அள்ளிக்கொண்டு வரும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தத் தலைக்கனத்தில்தான் ஜன்னலை அடைத்தேன்.

நாங்கள் ஆண்டிபட்டியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மேற்கே பார்த்து மூன்று ஜன்னல்கள். காற்றுக்காலத்தில் சாப்பிடுகிற தட்டில் மண் நறநறக்கும். ஐந்து மாதக் குழந்தையின் மூக்கில் அந்தப் புழுதி போகலாமா? கதவுகளை இறுக்கிச் சாத்தினேன். இடுக்குகளில் டேப் ஒட்டினேன். அதற்கு மேல் நீலப் படுதாவை இழுத்து ஆணி அடித்தேன். கீழே குடியிருக்கிற வீட்டுக்கார அக்கா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, பகல்லயே லைட்டப் போடணும் போல இருக்கே” என்றார். நான் செய்கிற வேலையின் நுணுக்கம் அவருக்கு விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

என் மனைவி மலைக்காரி. போடிமெட்டுக்கு மேலே, கேரள எல்லைக்குள் இருக்கிற ஏலத்தோட்டப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். மாமனார் அங்கே ஜீப் ஓட்டுகிறார். காலையில் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிப் போய் இறக்குவார், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவார். மாமியார் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. இவள் ஒரே மகள். பிரசவத்துக்குப் போனவளை மாமனாரின் தங்கை வந்து கூட இருந்து பார்த்துக்கொண்டார்.

அந்த ஐந்து மாதமும் நான் ஞாயிற்றுக்கிழமை அப்பா. காலையில் பஸ் ஏறி மேலே போவேன், சாயங்காலம் இறங்குவேன். ஒவ்வொரு ஞாயிறும் என் மகள் என்னை முதல்முறையாகப் பார்ப்பாள். யார் இந்த ஆள் என்று கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பாள், பிறகு உதடு பிதுங்கும், பிறகு அழுகை. சாயங்காலம் நான் கிளம்புகிற நேரத்துக்குத்தான் லேசாக ஒரு சிரிப்பு வரும். அடுத்த ஞாயிறு மறுபடியும் முதலிலிருந்து. வெளியே சொன்னால் கேலி செய்வார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை, எனக்கு அது ரொம்ப வலித்தது.

ஒருவழியாக வைகாசியில் மாமனாரின் ஜீப்பிலேயே வந்து இறங்கினார்கள். கூடவே ஒரு பெரிய பை. பிரித்துப் பார்த்தால் முழுக்கக் கம்பளி. பின்னல் குல்லா நான்கு, காலுறை எட்டு ஜோடி, ஸ்வெட்டர், தடித்த துண்டு. பிள்ளையின் காதும் உச்சியும் உள்ளங்காலும் மூடியே இருக்க வேண்டும் என்பது மலையில் சட்டம். அங்கே அது சரி. மதியம் இரண்டு மணிக்கும் மேகம் வாசலில் வந்து நிற்கிற ஊர். ஆண்டிபட்டியில் அதே நேரத்துக்குத் தார் ரோட்டில் செருப்பு ஒட்டும். அவள் ஸ்வெட்டரை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, “இங்கன குளிர் இல்லைல்ல, குல்லா போதும்” என்றாள். பெரிய விட்டுக்கொடுப்பு என்று நானும் தலையாட்டினேன்.

யோசித்துப் பார்த்தால் எங்கள் இரண்டு பேருக்குமே ஒருவர் மேல் ஒருவருக்கு அபார நம்பிக்கை. காற்று விஷயத்தில் நான் பெரிய ஆள் என்று அவள் நினைத்தாள். பிள்ளை விஷயத்தில் அவளுக்கு எல்லாம் தெரியும் என்று நான் நினைத்தேன். மேலே மொட்டை மாடி வெயிலில் காய, கீழே ஜன்னல் அடைத்த ஒரு அறைக்குள், குல்லா போட்ட ஒரு குழந்தை. எங்கள் நம்பிக்கையின் பலன் அந்தக் குழந்தையின் கழுத்தில் தெரிந்தது.

முதலில் கழுத்து மடிப்பில் நாலைந்து சிவப்புப் புள்ளி. கொசுக்கடி என்றேன். மறுநாள் முதுகில். அதற்கடுத்த நாள் அக்குளில், தொடையிடுக்கில், குல்லா படுகிற நெற்றி ஓரத்தில். தடவினால் ரவையைத் தொட்டதுபோல் இருந்தது. வேர்க்குரு என்று அதன்பிறகுதான் ஒத்துக்கொண்டேன். பிள்ளை தலையை இப்படியும் அப்படியும் உரசிக்கொண்டே கிடந்தாள். பால் குடிக்கும்போது பாதியில் விட்டுவிட்டு அழுதாள்.

எனக்குத் தெரிந்த வைத்தியத்தை ஆரம்பித்தேன். காலையில் உடம்பு முழுக்கத் தேங்காய் எண்ணெய். சூட்டைத் தணிக்குமாம். அதற்கு மேல் பவுடர். வியர்வையை இழுக்குமாம். யார் சொன்னார்கள் என்று கேட்டால் தெரியாது, எல்லோரும் சொல்கிறார்கள். வியர்த்துப் பவுடர் கரைந்தால் மறுபடியும் பவுடர். கழுத்து மடிப்பில் அது வெள்ளைக் களிபோல உருண்டு நின்றது. “இன்னும் கொஞ்சம் போடுங்க” என்பாள் அவள். நானும் தாராளமாகப் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் வந்தார். ஒரு தார் மலைவாழையும் ஒரு பொட்டலம் ஏலக்காயும் வைத்துவிட்டு, “மோளே” என்று கூப்பிட்டபடி பேத்தியைத் தூக்கினார். எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்து இருந்து அவருக்கு மகளும் பேத்தியும் மலையாளத்து ‘மோளே’ ஆகிவிட்டார்கள். சட்டையை விலக்கிப் பார்த்தவரின் முகம் மாறியது. கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மெதுவாகப் பேசினார்.

“மாப்ள, அடுத்த ஞாயித்துக்கெழமை வர்றேன். இது இப்படியேதான் இருந்துச்சுன்னா ஆத்தாளும் பிள்ளையும் என்கூட மேல ஏறிருவாக. காத்துக்காலம் முடியட்டும். ஆவணியில நானே கொண்டாந்து விடுறேன்.”

மூன்று மாதம்! எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என் பிள்ளையை நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். விழுங்கியதற்குக் காரணம், பார்த்துக்கொண்ட லட்சணம் பிள்ளையின் முதுகில் சிவப்பாகத் தெரிந்ததுதான். இந்த இரண்டு வாரத்தில்தான் அவள் என் முகத்துக்குப் பழகியிருந்தாள். நான் படியேறி வருகிற சத்தம் கேட்டாலே காலை உதைப்பாள். மறுபடியும் மேலே போனால் மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை அப்பா, மறுபடியும் பிதுங்குகிற உதடு. அதை என்னால் தாங்க முடியாது என்று அந்த நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

அவர் போனதும் மனைவி சொன்னாள்: “ரெண்டு பேரும் பேசுனீக, என்னைய யாராச்சும் கேட்டீகளா? எனக்கு இங்கனதான் இருக்கணும். ஆனா பிள்ளைக்கு ஒத்துக்கலைன்னா நான் போயிருவேன். அப்புறம் என்னைய கோவிச்சுக்கக் கூடாது.”

திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுத் தேனிக்குப் போனோம். குழந்தைகளைப் பார்க்கிற டாக்டரம்மா. பிள்ளையை மேஜை மேல் கிடத்தி ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னார். குல்லா, காலுறை, வெளிச்சட்டை, உள்ளே ஒரு பனியன், இடுப்பில் ரப்பர் வைத்த ஜட்டி. கழற்றக் கழற்ற அவர் புருவம் ஏறியது. வெளிச்சட்டை பளபளவென்று நைலான் துணி. நான்தான் ஆசையாக வாங்கியது. ஈரப் பஞ்சால் கழுத்து மடிப்பைத் துடைத்து எங்களிடம் காட்டினார். பஞ்சில் அந்த வெள்ளைக் களி.

“வேர்வை வர்ற துவாரம் அடைச்சுக்கிட்டா வேர்க்குரு வரும். அதுக்கு மேல எண்ணெயையும் பவுடரையும் போட்டு நீங்க இன்னும் அடைக்கிறீக. பவுடர் பறந்து பிள்ளை மூச்சுக்குள்ள போகும், அது வேற. வீட்டுல ஜன்னல் இருக்கா, இல்லையா?”

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் பார்த்தேன்.

“இருக்கு. இவுகதான் டேப் போட்டு அடைச்சிருக்காக. காத்தாலையில வேலை பாக்குறாக.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மரியாதைக்காக நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை. எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பைவிட அந்தப் பஞ்சு என்னை உறுத்தியது. காற்றாடியின் உச்சி அறையில் வெளிக்காற்று உள்ளே வருகிற இடத்தில் ஒரு பில்டர் இருக்கும். எண்ணெய் கசிந்து அதில் பட்டு, மேலே புழுதியும் ஒட்டினால் இதேபோல் களியாகி அடைத்துக்கொள்ளும். உள்ளே சூடு ஏறும், இயந்திரம் தானாக நின்றுவிடும். எண்ணெயும் பொடியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சம்பளம் வாங்கிக்கொண்டு தெரிந்துவைத்திருக்கிற ஒருவன், தன் பிள்ளைக்கு இரண்டு வாரமாக அதையேதான் செய்திருக்கிறான்.

டாக்டரம்மா மருந்து எதுவும் எழுதவில்லை. எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றம். மருந்துச் சீட்டு இருந்தால் மாமனாரிடம் காட்டலாமே. உடம்பு குளிர்ந்தால் தானாகப் போய்விடும் என்றார். மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போதும், வீட்டுக்குள் அதுகூட வேண்டாம். வெயில் அதிகமான நாளில் இரண்டு தடவை வெறும் தண்ணீரில் குளிப்பாட்டி, மடிப்புகளைத் தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். மின்விசிறி ஓடலாம், முகத்துக்கு நேராக வேண்டாம். தாய்ப்பாலை அடிக்கடி கொடுக்க வேண்டும். காய்ச்சல் வந்தாலோ, குருவில் சீழ் வைத்தாலோ, பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து போனாலோ உடனே தூக்கிக்கொண்டு வரவேண்டும். கடைசியாக, “யாரு இவளை எந்நேரமும் மேல போட்டுக்கிட்டே இருக்கிறது?” என்று கேட்டார்.

நான்தான். வேலையிலிருந்து வந்து குளித்ததும் அவளை மார்பில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் கிடப்பேன். இரண்டு பேர் வியர்வையும் ஒட்டிக்கொள்ளும். எனக்கு அதுதான் அன்றைய நாளின் சுகம். “கொஞ்ச நாளைக்குப் பக்கத்துல படுக்க வைங்க” என்றார். மற்ற எல்லாவற்றுக்கும் தலையாட்டிய நான் இதற்கு மட்டும் கொஞ்சம் தாமதமாகத் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் படுதாவைப் பிடுங்கினேன். டேப் உரியும்போது பெயின்டும் சேர்ந்து வந்தது. ஜன்னலைத் திறந்த ஐந்தாவது நிமிஷம் அறை முழுக்கப் புழுதி. மனைவி பிள்ளையை அணைத்துக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். சரி, யோசி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காற்று உள்ளே வர வேண்டும், புழுதி வரக்கூடாது. இதற்குத்தானே எனக்குச் சம்பளம்! பழைய வேட்டி ஒன்றை நனைத்துப் பிழிந்து ஜன்னலின் குறுக்கே கட்டினேன். காற்று துணியை உப்பவைத்துக்கொண்டு உள்ளே வந்தது, ஜிலுஜிலுவென்று. சாயங்காலம் அவிழ்த்து அலசினால் வாளித் தண்ணீர் செம்மண் நிறம். கல்யாணத்துக்கு எடுத்த வேட்டியா என்று மனைவி கேட்டபோது வாளியைத் தூக்கிக்கொண்டு நழுவினேன்.

பிள்ளையின் படுக்கைக்குக் கீழே விரித்திருந்த ரப்பர் ஷீட்டை எடுத்தோம். இன்னொரு வேட்டியைக் கிழித்து விரித்தோம், நனைந்தால் மாற்றினோம். படுக்கை அறை மேற்கு வெயிலில் வேகிறது என்பதால் கூடத்துக்கு மாறினோம். வெயில் இறங்கியதும் நான் மொட்டை மாடியில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன். குல்லா விஷயத்தில்தான் கொஞ்சம் இழுபறி. “உச்சியில காத்துப் பட்டா தடுமன் பிடிக்கும்” என்று அவள் கையில் குல்லாவோடு நின்றாள். நான் வாதாடவில்லை. பிள்ளையின் தலையில் அவள் கையையே எடுத்து வைத்தேன். உள்ளங்கை நனைந்தது. குல்லாவைப் பையில் போட்டுவிட்டாள்.

செவ்வாய் ஒன்றும் தெரியவில்லை. புதன் இன்னும் சிவப்பாக இருப்பதுபோல் பட்டது. நான் மணிக்கொரு தரம் போன் செய்து “எப்படி இருக்கு?” என்று கேட்டேன். “இப்பத்தான கேட்டீக, அதுக்குள்ள உதிர்ந்துருமா?” என்று வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்தால் பிள்ளையின் பக்கத்தில் ஒரு முழம் தள்ளிப் படுத்துக்கொண்டு விரலை மட்டும் நீட்டுவேன். அவள் பிடித்துக்கொள்வாள். வியாழக்கிழமை காலையில் அவள் தலையை உரசவில்லை என்று மனைவிதான் முதலில் கவனித்தாள். வெள்ளிக்கிழமை கழுத்து மடிப்பு காய்ந்திருந்தது. சனிக்கிழமை முதுகில் தடவினேன், ரவை இல்லை. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவி பார்த்துவிட்டு, “புழுதியா?” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஜீப் வந்து நின்றது. மாடியிலிருந்து பார்த்தேன். ஜீப்பைக் கழுவியிருந்தார். பின்சீட்டில் புதிதாக ஒரு மெத்தை போட்டு, மேலே பூப்போட்ட விரிப்பும் விரித்திருந்தார். கூட்டிக்கொண்டுதான் போவது என்ற முடிவோடு வந்திருக்கிறார் மனுஷன், வரட்டும் என்று நினைத்தேன்.

மேலே வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு, மலை ஏறுவதற்கு முன்னால் டயரைப் பார்க்கிறவர்போலப் பார்த்தார். கழுத்து, அக்குள், முழங்கால் மடக்கு, திருப்பிப் போட்டு முதுகு. லேசாகத் தோல் உரிந்த அடையாளம் தவிர ஒன்றுமில்லை. பிள்ளை அவர் கைக்கடிகாரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

“போயிருச்சு” என்றார்.

ஜன்னல், வேட்டி, பில்டர் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்ல ஒரு வாரமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டேன். ஜெயித்தவன் பேசக்கூடிய முகமாக அது இல்லை.

“நல்லதுதான் மாப்ள. பிள்ளைக்கு நல்லா இருக்குல்ல, அதான் வேணும்.” கொஞ்ச நேரம் பேத்தியின் காலைத் தடவிக்கொண்டிருந்தார். “நான் சும்மா வேர்க்குருவைச் சாக்கு வச்சேன். தங்கச்சியும் அவ வீட்டுக்குப் போயிருச்சு. காலையில என்னையறியாம ரெண்டு காப்பி போட்டுர்றேன். பிள்ளை முழிச்சிருமேன்னு கதவை மெதுவாச் சாத்துறேன். அங்கன யாரு இருக்கா முழிக்கிறதுக்கு?”

என் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. எட்டு நாளாக நான் இவரிடமிருந்து என் பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்தேன். ஐந்து மாதம் தினமும் அவளைத் தூக்கியவர் இவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்ப்பது எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் எனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்?

“ஒரு பத்து நாள் ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போங்க மாமா” என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். உள்ளேயிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். பையை எடுத்துவந்து, பருத்திச் சட்டைகளை மட்டும் பொறுக்கி வைக்க ஆரம்பித்தாள். “மேல குளிரும், குல்லா ஒண்ணு வைக்கிறேன்” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு வைத்தாள். மேலே குளிரும்தான். மாமனார் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது அவர் வயசு குறைந்த ஆளாக இறங்கினார்.

அன்றைக்கும் மறுநாளும் பெருமையாகத்தான் இருந்தேன். எவ்வளவு பெரிய மனசு எனக்கு என்று ஏணி ஏறும்போதெல்லாம் நினைத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளித்து, கூடத்தில் படுத்து, விரலை நீட்டினேன். பிறகுதான் பக்கத்தில் யாரும் இல்லை என்று உறைத்தது. ரொம்ப நேரம் விரலை மடக்காமல் அப்படியே கிடந்தேன்.

புதன்கிழமை காலை லீவு சொல்லிவிட்டுத் தேனி போய், போடி போய், மலை பஸ் ஏறினேன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. வாசலில் மாமனார் நின்றிருந்தார். தோளில் துண்டு, துண்டின் மேல் என் மகள். என்னைப் பார்த்ததும் அவர் ஆச்சரியப்படவே இல்லை.

“வாங்க மாப்ள. நான் பதினாலு நாள் தாங்குனேன். நீங்க மூணு நாள்லயே ஓடியாந்துட்டீக.”

என் மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். உற்றுப் பார்த்தாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். உதடு பிதுங்கவில்லை. இரண்டு கையையும் என் பக்கம் நீட்டினாள்.

மாமனார் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கொடுத்தார்.